ஆகாத வாசல்

கணபதி, கோவை
9 செப்டம்பர் 2024

மாப்பிள்ளைக்கு,

போனிலேயே சொல்லியிருப்பேன். நான் கூப்பிட்டால் உங்கள் போனை கீதா எடுக்கிறாள், என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாள். கூடப் பிறந்த தங்கை. அதனால்தான் கணபதிக் கடைகளுக்குக் கோழி இறக்க வரும் உங்கள் வேன்காரர் சகாயத்திடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவர் கையிலேயே கொடுங்கள்.

உங்கள் பெண் லோகப்பிரியாவின் உப்புச் சர்க்கரைக்கு வந்தவன் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டான் என்று உறவெல்லாம் பேசுகிறதாம். பெண்ணின் நிச்சயத்தில் தாய்மாமன் இலையை விட்டு எழுந்தால் பேசத்தான் செய்வார்கள். எதிர் இலையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. டாக்டர் டீனா. அவரை அழைத்தது நீங்கள்.

நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் ஒருமுறை எழுத்தில் இருக்கட்டும். உங்கள் ஈரலில் ஹெபடைட்டிஸ் பி கிருமி குடியிருக்கிறது. அதை எதிர்க்க வேண்டிய, ரத்தத்தில் ஓடும் டி செல்கள் வருடக்கணக்காகப் போராடித் தளர்ந்து கிடக்கின்றன. சர்க்கரையை விழுங்குகின்றன, வேலை செய்வதில்லை. காரணத்தை எல்லோரும் செல்லின் வெளிப்புறத்தில் தேடிக்கொண்டிருந்தபோது, உள்ளே பாருங்கள் என்று சொன்னவன் நான். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று இருக்கிறது, அடுப்பு மாதிரி. முதலில் அடுப்பு அணைகிறது, அதன் பிறகே செல் சோர்கிறது. சோர்ந்த செல் மறுபடி எழ வேண்டுமானால், முதலில் அடுப்பு எரிந்தாக வேண்டும். இது டீனாவோடு ஒரே ஆய்வகத்தில் இருந்தபோது நான் சொன்ன யோசனை. ஆய்வுக் கட்டுரையாக டீனாவின் பெயரில் அச்சானது. என் பெயர் கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில், ஃப்ரீசரைப் பழுது பார்த்தவருக்குப் பக்கத்தில் இருந்தது. அதனால் இன்று அவருக்கு ஆராய்ச்சிப் பிரிவு. எனக்குத் தனியார் கல்லூரியில் முதலாமாண்டுப் பிள்ளைகள்.

அந்த ஆராய்ச்சிக்கு இன்றுவரை ரத்தம் கொடுப்பவர் நீங்கள். இத்தனை வருடம் விடாமல் வந்தவர்கள் அவரிடம் மிகச் சிலரே. நீங்கள் நின்றால் அவருக்கு வலிக்கும்.

இனி அந்த வாசலை மிதிக்காதீர்கள். என் தங்கையைக் கட்டியவர் என்ற உரிமையில் கேட்கிறேன்.

திருமூர்த்தி


பல்லடம்
15 செப்டம்பர் 2024

மச்சானுங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கோழி எச்சம் கொஞ்சம் பட்டிருந்தது, சகாயத்தைத் திட்ட வேண்டாம்.

கீதா கோபத்தில் இருக்கிறாள். "பொண்ணு நிச்சயத்துல எலைய ஒதறிப்போட்டுப் போன மனுசன் எனக்கு அண்ணனே இல்லீங்க. எங்கம்மா ஒரே பிள்ளையாத்தான் பெத்தா, அது நாந்தான்" என்கிறாள். உங்கள் அம்மா கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

அடுப்புக் கதை எனக்கு நன்றாகவே புரிந்தது. பண்ணையில் சில பேட்ச் அப்படித்தான் அமையும். தீவனம் மூட்டை மூட்டையாகப் போகும், எடை ஏறாது. கம்பெனி சூப்பர்வைசர் வந்து நம்மைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்ப்பான். என் உடம்புக்குள்ளேயே அப்படி ஒரு பேட்ச் ஓடுகிறது என்று இப்போதுதான் தெரிகிறது. எத்தனை கோடி கோழி மச்சான்?

டாக்டரம்மாவை அழைத்தது என் தப்புத்தான். இத்தனை வருடம் பார்த்துக்கொண்டவர், பெண்ணுக்கு நல்லது நடக்கும்போது கூப்பிடாமல் விட மனம் வரவில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்காருவீர்கள் என்று நான் கணக்குப் போடவில்லை.

சரிங்க மச்சான். உங்களுக்கு ஆகாத வாசல் எனக்கும் ஆகாது. அடுத்த மாதம் போக வேண்டிய நாள். போகமாட்டேன். போதுமா?

அரங்கசாமி


கணபதி
6 அக்டோபர் 2024

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் வாக்குக் காப்பாற்றிவிட்டீர்கள் என்று தெரிந்துகொண்டேன். டீனாவிடம் வேலை பார்க்கும் ஒரு பெண் என் பழைய மாணவி. "அரங்கசாமி சார் வரவே இல்லைங்க சார், மேடம் மூணு தடவ போன் பண்ணச் சொன்னாங்க" என்று வருத்தப்பட்டாள்.

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. பக்கத்துப் பட்டறையில் லேத் ஓடிக்கொண்டே இருக்கிறது. விடைத்தாள்களை எடுக்கிறேன், வைக்கிறேன். நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டேன், பிறகு கதவுப் பக்கம். டீனா இப்போது என்ன நினைப்பார்? காரணம் நான்தான் என்று ஊகித்திருப்பாரா? ஊகித்திருந்தால் ஏன் இன்னும் கூப்பிடவில்லை? நான் எடுக்கமாட்டேன். ஆனாலும் கூப்பிட வேண்டாமா?

உங்களிடம் வந்து கேட்டால் என் பெயரைத் தாராளமாகச் சொல்லுங்கள்.

திருமூர்த்தி


பல்லடம்
10 நவம்பர் 2024

மச்சானுங்களுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். தீபாவளிக் கோழி ஏற்றி முடிக்கவே உயிர் போய்விட்டது. பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்தாயிற்று. தை மாதக் கடைசியில் முகூர்த்தம். தாய்மாமன் பெயர் போட்டிருக்கிறது. கீதா எடுக்கச் சொன்னாள், லோகப்பிரியா விடவில்லை. "மாமன் பேரு இல்லாத பத்திரிகைய நான் யாருக்கும் வெக்கமாட்டனுங்கம்மா" என்று பெண் சொன்னதும் கீதா விட்டுவிட்டாள்.

போன வாரம் டாக்டரம்மா பண்ணைக்கே வந்துவிட்டார். தனியாக, அவரே கார் ஓட்டிக்கொண்டு. வந்தவரை வெளியே நிற்க வைக்க முடியுமா? இளநீர் வெட்டிக் கொடுத்தேன். "ஏன் வரல, உடம்புக்கு என்ன?" என்றார். "உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க, மச்சான் வேண்டான்னு போட்டாருங்க" என்றேன். இளநீரைக் கீழே வைத்துவிட்டுக் காருக்குப் போய் வந்தார். பிறகு, "ரத்தம் வேண்டாம், விடுங்க. மாத்திரையாச்சும் வாங்கிக்குங்க" என்று ஒரு பையை நீட்டினார்.

நான் வாங்கவில்லை. அது எப்படிங்க முறையாகும்? ஒரு வீட்டோடு ஆகாது என்று ஆன பிறகு அங்கே கை நனைக்கமாட்டோம். பச்சைத் தண்ணீர்கூட வாங்கமாட்டோம். ரத்தம் தரமாட்டேன், மருந்து மட்டும் வாங்கிக்கொள்கிறேன் என்றால் நான் என்ன மனுசன்? வந்த மாதிரியே அனுப்பிவிட்டேன். உங்களுக்குத் திருப்திதானே?

அவரிடம் வாங்கி வைத்திருந்த மாத்திரை செப்டம்பரில் தீர்ந்ததோடு சரி. ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சாயங்காலம் ஆனால் கொஞ்சம் அசதி, கல்யாண வேலை இருக்கிறதே.

அரங்கசாமி


கணபதி
11 நவம்பர் 2024

மாப்பிள்ளை,

யார் உங்களை மாத்திரையை நிறுத்தச் சொன்னது?

ரத்தம் கொடுக்காதீர்கள் என்றுதான் சொன்னேன். ஆராய்ச்சி வேறு, வைத்தியம் வேறு. மாத்திரை என்ன விருந்துச் சோறா, கை நனைத்தால் உறவு ஆவதற்கு? கடையில் வாங்கிச் சாப்பிடுவீர்கள் என்று நினைத்தேன். படித்தவர்தானே நீங்கள், பி.காம். எப்படி இப்படி ஒரு முட்டாள்தனம்?

கேளுங்கள். அந்த மாத்திரை கிருமியைக் கொல்வதில்லை, பெருகாமல் அமுக்கி வைக்கிறது. நிறுத்தினால் அது பெருகும். பெருகியதைக் கண்டு தூங்கிக் கிடக்கும் செல்கள் திடீரென்று எழலாம். எழுந்தால் தாக்கும். அவை தாக்குவது உங்கள் ஈரலை, ஏனென்றால் கிருமி இருப்பது அங்கே. சிலருக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்கு ஈரல் ஓரிரு வாரத்தில் போய்விடும். நீங்கள் எந்தச் சிலர் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

திருப்பூரில் எனக்குத் தெரிந்த டாக்டர் ரிஃபத் இருக்கிறார். விலாசம் இதன் பின்பக்கத்தில். நாளைக்கே போங்கள். அங்கே உங்களைத் தெரிந்தவர்கள் இல்லை, சம்பந்தி வீட்டுக்கு உங்கள் நோயைப் பற்றிச் செய்தி போகாது. டீனாவிடம் போக வேண்டிய தேவையே இல்லை.

மாத்திரை போட்டதும் எழுதுங்கள்.

திருமூர்த்தி


பல்லடம்
1 டிசம்பர் 2024

மச்சானுங்களுக்கு,

திட்டியதற்கு வருத்தமில்லை. என் தங்கை புருசன் இப்படிச் செய்திருந்தால் நானும் திட்டுவேன். ஆனால் ஒன்று. நீங்கள் அன்றைக்கு எழுதியதில், "ரத்தம் மட்டும் கொடுக்காதீங்க" என்று இல்லை. "அந்த வாசலை மிதிக்காதீர்கள்" என்றுதான் இருந்தது. எடுத்து வைத்திருக்கிறேன்.

திருப்பூருக்குப் போவதற்குள் இரண்டு வாரம் ஓடிவிட்டது. ஒரு ஷெட்டில் கோழி சாக ஆரம்பித்தது, விட்டுவிட்டு நகர முடியவில்லை. பல்லடத்தில் வாங்கலாம் என்றால் மருந்துக்கடைக்காரர் மாப்பிள்ளை வீட்டுக்குப் பங்காளி. சீட்டைக் கொடுத்த அன்றைக்கே சம்பந்தி வீட்டில் தெரிந்துவிடும். கீதாவும் லோகப்பிரியாவும் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள், சோதனையிலும் அவர்களுக்கு ஒன்றுமில்லை. அதையெல்லாம் யார் நின்று கேட்கப்போகிறார்கள்?

ஒருவழியாக டாக்டர் ரிஃபத்தைப் பார்த்தேன். நல்ல மனிதர். ரத்தம் பார்க்கச் சொன்னார். "எத்தன வருசமா என்ன மாத்திரை, கிருமி எவ்வளவு இருந்துச்சு, பழைய ரிப்போர்ட்டெல்லாம் வேணுமே" என்றார். எல்லாம் டாக்டரம்மாவிடம். எந்த முகத்தோடு போய்க் கேட்பேன்? கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு மாத்திரை வாங்காமலே வந்துவிட்டேன்.

இன்று காலையில் கண்ணாடி பார்த்தேன். கண் மஞ்சளாக இருக்கிறது. சிறுநீர் கடுங்காப்பி நிறம். சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறது. கீதா கீழாநெல்லி அரைத்துக்கொண்டு வந்தாள், வரும் வழியிலேயே பாதியைக் கீழே கொட்டிவிட்டாள். டாக்டரம்மாவிடமே போகலாம் என்று அழுகிறாள். வேறு எந்த ஆஸ்பத்திரி என்றாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள் என்கிறாள். அவள் சொல்வது சரி.

ஆனால் கையில் கொடுத்த மாத்திரைப் பையைத் திருப்பி அனுப்பிய வாசல் அது. உங்களுக்காக மூடினேன் மச்சான். நானாகப் போய்த் தட்டமாட்டேன். நீங்கள்தான் திறக்க வேண்டும்.

சகாயத்தைக் கோழி இல்லாமல் வெறும் வேனோடு அனுப்புகிறேன்.

அரங்கசாமி


ஆஸ்பத்திரி வரவேற்பறை, அவிநாசி சாலை
1 டிசம்பர் 2024, மதியம்

மாப்பிள்ளை,

உங்களை நாலு முறை கூப்பிட்டேன், கீதா எடுத்து எடுத்து வைத்துவிட்டாள். ஆகவே இந்தத் தாளோடு ஆஸ்பத்திரி வண்டியே வருகிறது. படித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஏறி உட்கார்ந்து படியுங்கள்.

டீனாவைப் பார்த்தேன். வாசலில் காத்திருக்கச் சொல்வார் என்று நினைத்தேன், வாசலுக்கே வந்துவிட்டார். என்ன சொல்வது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு உங்கள் கடிதத்தை அப்படியே நீட்டினேன். கண் மஞ்சள் என்ற வரி வரைக்கும் படித்தார். மேலே படிக்கவில்லை. "வண்டிய அனுப்புங்க, பல்லடம்" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

அப்புறம்தான் என்னைப் பார்த்தார். "ஏன் சார், ஆளைக் கொன்னுதான் எம்மேல கோவத்தத் தீக்கணுமா?" என்றார்.

"என் பேரு போட்டிருந்தா இது எதுவும் நடந்திருக்காது" என்றேன். அந்த நேரத்திலும் அதைத்தான் சொன்னேன்.

"போட்டிருக்கலாம். நீங்க லேப்ல செல் பாக்கற மெஷினுக்கு முன்னால யார் மொதல்ல உக்கார்றதுன்னு சண்டை போட்டுட்டுப் பாதியில எந்திரிச்சுப் போயிட்டீங்க. உங்க யோசன, எங்க வேல. ரெண்டும் உண்மைதான். இப்ப அதப் பேச நேரமில்ல."

உங்க யோசனை என்றார். சாட்சிக்கு அங்கே ஒரு காவலாளிதான் இருந்தார், அவரும் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

இன்னொன்று. மாத்திரை தொடங்குவதற்கு முன்னால் டீனா உங்களிடம் ஒரு குழாய் ரத்தம் கேட்பார். இத்தனை வருடம் தூங்கிய செல்கள் இப்போது எழுந்திருக்கின்றன. எழும்போது அடுப்பு எரிகிறதா என்று பார்க்க இதைவிட ஒரு ரத்தம் கிடைக்காது. இந்த ஒரு ரத்தத்துக்காக நான் பாதி வாழ்க்கை காத்திருந்தேன். அதனாலேயே இதில் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம். மாத்திரையை மட்டும், அவர் கையால் கொடுத்தாலும் வாங்கி விழுங்குங்கள். வாசல் திறந்தாயிற்று.

திருமூர்த்தி


மூன்றாம் மாடி வார்டு
8 டிசம்பர் 2024

மச்சானுங்களுக்கு,

நீங்கள் தினமும் கீழே வந்து உட்கார்ந்துவிட்டுப் போவதை நர்ஸ் சொன்னார். கீதா இன்னும் உங்களை மேலே விட மறுக்கிறாள். "எம்புருசன் கண்ணு வெளுக்கட்டும், அப்பறம் அண்ணன் மூஞ்சியப் பாக்கறதப் பத்தி யோசிக்கறேன்" என்கிறாள். அண்ணன் என்று சொன்னாள், கவனியுங்கள்.

முதல் மூன்று நாள் எனக்குச் சரியாக நினைவில்லை. ரத்தம் உறையவில்லை என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. வேறு ஈரல் வைக்க வேண்டியிருக்குமா என்று லோகப்பிரியா கேட்டதும் விழுந்தது. "என்னோட ஈரல வேணும்னாலும் எடுத்துக்குங்க டாக்டர்" என்றாள் பெண். கல்யாணத்துக்கு இருக்கிற பிள்ளை. அதைக் கேட்டதும் எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது மச்சான். முதல்முறையாக. மறைக்கவில்லை, எழுதுகிறேன்.

இப்போது உறைகிறதாம். நேற்று அரை இட்லி தங்கியது.

ரத்தம் கொடுத்தேன். வந்த அன்றே, மாத்திரைக்கு முன்னால். உங்களுக்காகக் கொடுக்கவில்லை, டாக்டரம்மாவுக்காகவும் இல்லை. என்னை மாதிரி இன்னொருத்தன் எங்கேயோ இதே மஞ்சள் கண்ணோடு படுத்திருப்பான் அல்லவா? கையை நீட்டிவிட்டு, "இத மெஷின்ல போடறப்ப எம்மச்சானையும் பக்கத்துல உக்கார வெச்சுக்குங்க" என்று மட்டும் சொன்னேன். டாக்டரம்மா சரி என்றாரா இல்லையா என்று தெரியவில்லை, மயக்கமாக வந்துவிட்டது.

அரங்கசாமி


கணபதி
27 டிசம்பர் 2024

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் வீட்டுக்குத் திரும்பியதைச் சகாயம் சொன்னார். சந்தோஷம்.

டீனா என்னைக் கூப்பிட்டார். போனேன். மெஷினுக்கு முன்னால் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார், இந்தத் தடவ நீங்கதான் மொதல்ல" என்றார். கிண்டல்தான். உட்கார்ந்தேன்.

செல்கள் எவ்வளவு ஆக்ஸிஜன் எடுக்கின்றன என்று திரையில் கோடு கோடாக வரும். அடுப்பு எரிந்தால் கோடு மேலே ஏற வேண்டும். உங்கள் செல்கள் விழித்திருந்தன, அதில் சந்தேகமே இல்லை. ஈரலை அந்தப் பாடு படுத்தியவை. ஆனால் கோடு ஏறவில்லை. மறுபடி பார்த்தோம். ஏறவில்லை. அணைந்த அடுப்போடேயே, சர்க்கரையை மட்டும் அள்ளி விழுங்கிக்கொண்டு சண்டை போட்டிருக்கின்றன.

எழ வேண்டுமானால் முதலில் அடுப்பு எரிய வேண்டும் என்று நான் சொன்னேன். அப்படி இல்லைபோல் இருக்கிறது. ஒருவரின் ஒருநாள் ரத்தத்தை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது என்று டீனாவிடம் வாதாடினேன். ஆமாம் என்றார். ஆனால் இரண்டு பேருமே திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன், வாடியிருந்தது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து உட்கார முடியவில்லை. எதன் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. யாரிடமும் சொல்ல முடியாததால் உங்களிடம் சொல்கிறேன்.

திருமூர்த்தி


பல்லடம்
4 ஜனவரி 2025

மச்சானுங்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கீதா பிரித்துவிட்டாள். பிரித்ததோடு நில்லாமல் எனக்கே வாசித்தும் காட்டினாள். கோடு ஏறவில்லை என்ற இடத்துக்கு வந்ததும் "பாவம் எங்கண்ணன்" என்று வாயில் வந்துவிட்டது. உடனே, "நல்லா வேணும்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

எனக்குத் தோன்றியது இதுதான். அந்த அம்மா அச்சடித்தது தப்பு என்றால், தப்பில் உங்கள் பெயர் இல்லை. நீங்களும் ஃப்ரீசர்காரரும் மட்டும் தப்பித்துவிட்டீர்கள். சிரியுங்கள் மச்சான். சிரிப்பு வராது, தெரியும்.

தாய்மாமன் சீருக்கு யார் வருவது என்று கீதாவிடம் கேட்டேன். "வரச் சொல்லுங்க. டாக்டரம்மாளும் வாராங்க. ரெண்டு பேரும் மொகத்துக்கு மொகம் பாத்துக்காம வேற வேற பந்தியில தின்னுபோட்டுப் போகட்டும்" என்கிறாள். டாக்டரம்மாவிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். இன்னும் கொஞ்சம் மெலிந்துதான் இருக்கிறேன், சம்பந்தி வீட்டில் கல்யாண அலைச்சல் என்று சொல்லியிருக்கிறோம்.

திரும்ப ரத்தம் கொடுப்பது பற்றி நீங்களும் டாக்டரம்மாவும் என்ன முடிவு செய்தாலும் எனக்குத் தகவல் சொல்ல வேண்டாம். கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றினால் கொடுப்பேன். அந்த யோசனை சரியா தப்பா என்று இன்னும் இருபது வருடம் வாதாடுங்கள். கணபதியில் உட்கார்ந்து திட்டுங்கள், அவிநாசி சாலையில் நின்று திட்டுங்கள். பந்தியை விட்டு எழுந்துகூடப் போங்கள்.

நான் மாத்திரையை நிறுத்தமாட்டேன்.

அரங்கசாமி